சூளைக் கதவில் இரண்டாவது கட்டைவிரல்

சென்ற வாரம் ஜங்ஷனுக்கு எதிரே உள்ள டீக்கடையில், புதிதாகச் சேர்ந்த மேற்பார்வையாளர்களான உங்களில் இருவர் என்னைப் பிடித்துக்கொண்டீர்கள். அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கும் ஆங்கிலச் சுற்றறிக்கையில் ‘பிஹெஸ்ட்’ என்றொரு சொல் இருக்கிறதே, அதற்கு என்ன பொருள் என்று கேட்டீர்கள். ‘கட்டளை’ என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்து முடித்தேன். விடை சரிதான். வீட்டுக்கு வந்த பிறகுதான் அது அரைகுறையான விடை என்பது உறுத்தத் தொடங்கியது. அந்தச் சொல்லை நான் கற்றுக்கொண்டது ஒரு சூளை நிறையச் சரக்கு உடைந்த பிறகு. அவ்வளவு பாடுபட்டுக் கற்றதை ஒரே வார்த்தையில் கொடுத்துவிட்டு எழுந்து வந்தது முறையில்லை.

உங்கள் தொழிற்சாலையின் சூளைப் பிரிவில் இருபத்தாறு ஆண்டுகள் மேற்பார்வையாளராக இருந்தவன் நான். சூட்டு அளவு, எரிபொருள், மண் கலவை ஆகியவற்றை உங்களுக்குப் பயிற்சியிலேயே சொல்லித் தந்திருப்பார்கள்; அவற்றில் என்னைவிட நீங்கள் தேறியவர்கள். ஒரு கட்டளை வாயிலிருந்து புறப்படும்போது அதைச் சொன்னவன் எங்கே நிற்கிறான் என்பதை மட்டும் எந்தப் பயிற்சியும் சொல்லித் தருவதில்லை. இந்தக் கடிதம் அதைப் பற்றியது.

முதலில் ஒரு வழக்கத்தைச் சொல்கிறேன். சூளையில் சரக்கை அடுக்கியதும் வாசலைச் செங்கல் வைத்து அடைத்து, மேலே ஈர மண் பூசுவோம். பூசி முடித்தவர் அந்த ஈரத்தில் தன் கட்டைவிரலை ஒருமுறை அழுத்துவார். சூடு ஏற ஏற அந்தத் தடம் கல்லாக இறுகிவிடும். எரித்து, ஆறவிட்டு, மறுபடி வாசலைத் திறக்கும்போது முதல் செங்கல்லை உருவ வேண்டியவரும் அவரேதான். மூடின கைதான் திறக்க வேண்டும். இதை யார் தொடங்கினார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் சேர்ந்தபோதே இருந்தது. எந்த விதிப் புத்தகத்திலும் இல்லை; எந்த விதியையும்விட உறுதியாக இருந்தது.

எங்கள் சூளை மேஸ்திரியின் பெயர் கலியமூர்த்தி. திட்டக்குடிப் பக்கம். விடியற்காலை முதல் பஸ்ஸில் வந்து இறங்குவார். சூளைச் சுவரில் புறங்கையை வைத்துப் பார்த்து, உள்ளே இன்னும் எவ்வளவு சூடு என்று சொல்வார். கருவியை வைத்துப் பார்த்தால் அதையொட்டியே இருக்கும். அதிகம் பேசமாட்டார். அவருக்கும் சேர்த்துப் பேச, சரக்கு இறக்கும் அணியில் அஞ்சலை என்ற அம்மாள் இருந்தார்.

இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகியிருக்கும். மின்கம்பங்களில் பொருத்தும் பீங்கான் இன்சுலேட்டர்கள் ஒரு முழுச் சூளை எரித்து முடித்திருந்தோம். இரண்டு நாள் ஆறியிருந்தது. இன்னும் ஒரு நாள் ஆற வேண்டும். அன்று மதியம் சென்னை அலுவலகத்திலிருந்து ஆங்கிலத்தில் ஒரு ஃபேக்ஸ் வந்தது. நிர்வாகத்தின் ‘பிஹெஸ்ட்’டின்படி இந்தச் சரக்கை விரைந்து அனுப்புதல் விரும்பத்தக்கது என்பது அதன் சாரம். கீழே ஒரு கிறுக்கல், பெயர் இல்லை. எங்கள் மேனேஜர் அதை என் கையில் கொடுத்தார்.

“காலைல லாரி வந்துடும். இன்னிக்கே தொறந்துடுங்க.”

“சார், இன்னும் ஆறல.”

“எனக்குத் தெரியாதா? மேலேருந்து வந்துருக்குது. படிச்சுப் பாருங்க.”

படித்தேன். அந்தச் சொல்லுக்குப் பொருள் தெரியவில்லை. ஆனாலும் அதன் தோரணை புரிந்தது. சில சொற்கள் பொருளைவிட முன்னால் தோரணையோடு வந்து நிற்கும். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சூளையடிக்குப் போனேன்.

“மேஸ்திரி, தொறந்துடுங்க.”

கலியமூர்த்தி சுவரில் புறங்கையை வைத்தார். எடுத்தார். என் முகத்தைப் பார்த்தார்.

“காத்துப் பட்டா ஒடஞ்சிடும் சார்.”

“தெரியும். மேலிடத்து உத்தரவு.”

“மேலிடம்னா யாரு சார்?”

“மேலிடம்தான்.”

பக்கத்தில் கூடைகளை அடுக்கிக்கொண்டிருந்த அஞ்சலை சிரித்தார். “மேலிடம்னா மேல இருக்குறவருதான், மேஸ்திரியண்ணே. சாரு தெனமும் அவரத்தான கோயில்ல பாத்துட்டு வர்றாரு. நேரா சொல்லி அனுப்பியிருப்பாரு.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கலியமூர்த்தி சிரிக்கவில்லை. “நீங்க நிப்பீங்கள்ல சார்?” என்று மட்டும் கேட்டார்.

அன்று பிரதோஷம். மணி நான்காகியிருந்தது. பிரதோஷம் என்றால் மாலை நான்கு மணிக்கே புறப்பட்டுவிட எனக்கு நெடுநாளாக அனுமதி உண்டு; அது எல்லோருக்கும் தெரியும். “எனக்குக் கோயிலுக்கு நேரமாச்சு, நீங்க பாத்துக்குங்க” என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்தேன்.

இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். திறக்கச் சொன்னது ஒரு தவறு. வற்புறுத்தல் இருந்தது, லாரி வருகிறது, மேலிருந்து கடிதம் வந்திருக்கிறது என்று அதற்காவது ஏதேனும் சமாதானம் சொல்லலாம். சொன்ன பிறகு அங்கே நிற்காமல் போனதற்கு ஒரு சமாதானமும் கிடையாது. பழமலைநாதர் சந்நிதியில் நந்திக்குப் பால் அபிஷேகம் ஆகிக்கொண்டிருந்தபோது, கண்களை மூடி, கைகளைக் குவித்து, வழக்கமான பதிகத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அதே நேரத்தில் அங்கே கலியமூர்த்தி தன் விரல் தடம் பதிந்த மண்ணை உடைத்து முதல் செங்கல்லை உருவினார். இறைவனைக் கும்பிடப் போனவன் என்று ஊர் நினைத்தது. ஒளிந்துகொள்ளப் போனவன் என்பது எனக்குத் தெரியும். அந்த இறைவனுக்கும் தெரிந்திருக்கும்.

மறுநாள் காலை நான் சூளையடிக்குப் போனேன். பீங்கானில் விரிசல் விடும்போது ஒரு சத்தம் வரும். மெல்லிய வெண்கலக் கிண்ணத்தை நகத்தால் சுண்டியதுபோல. இறக்கி வைத்த சரக்கிலிருந்து அப்போதும் ஒவ்வொன்றாக அந்தச் சத்தம் வந்துகொண்டிருந்தது. பாதிக்கு மேல் போயிருந்தது. வந்த லாரி வெறுமையாகத் திரும்பியது.

அஞ்சலை என்னிடம் வந்தார். முந்தின நாள் சிரிப்பு முகத்தில் இல்லை. “சாமி நல்லாருந்துச்சா சார்?” என்று கேட்டுவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு போனார்.

மூன்றாம் நாள் சென்னையிலிருந்து விசாரணைக்கு ஓர் அதிகாரி வருவதாகச் செய்தி வந்தது. ஃபேக்ஸில் இருந்தது ‘விரும்பத்தக்கது’ என்ற யோசனை மட்டுமே, சூளையைத் திறக்கும்படி யாரும் சொல்லவில்லை என்றது சென்னை அலுவலகம். ஃபேக்ஸைக் கொடுத்தது மட்டுமே தன் வேலை என்றார் மேனேஜர். அப்படியானால் திறந்தது யார்? உடைந்து கிடந்த மண் பூச்சில் ஒரே ஒரு கட்டைவிரல் தடம்தான் இருந்தது.

அன்று பிற்பகல் எங்கள் அலுவலகச் சுருக்கெழுத்தாளரிடம் போனேன். ஸ்டெனோ அம்மா என்றே எல்லோரும் அழைப்போம். பெயர் சொல்ல வேண்டாம் என்பது அவர் விருப்பம். என்னைவிட நான்கு வயது சிறியவர். நாக்கில் மிளகு தடவியதுபோலப் பேசுவார். ஃபேக்ஸை மேசைமேல் விரித்து, “இந்தச் சொல்லுக்கு என்னம்மா அர்த்தம்?” என்று கேட்டேன்.

“இப்பதான் கேக்கத் தோணுச்சா சார்? சூளையத் தொறக்கறதுக்கு முன்னாடி இங்க வந்துருக்கலாமே.”

அவர் அலமாரியிலிருந்து முதுகில் துணி ஒட்டிய ஒரு தடித்த அகராதியை எடுத்தார். “எங்கப்பா இங்கிலீஷ் வாத்தியாரு. ரிட்டயர் ஆனப்ப வூட்டுக்கு அவரு தூக்கிக்கிட்டு வந்தது இது ஒண்ணுதான்” என்றபடி பக்கங்களைப் புரட்டினார்.

“இந்தாங்க, பாருங்க. இப்ப இதுக்குக் கட்டளைன்னு அர்த்தம். ஆதியில அப்பிடி இல்ல. ஆதியில இது வாக்கு. ஒருத்தரு இன்னொருத்தருக்குக் கொடுக்குற வாக்கு, நேந்துக்குறது. கட்டளைக்கு ‘ஹெஸ்ட்’ன்னு தனியா ஒரு வார்த்த இருந்துருக்குது. ரெண்டும் ஒரே வயித்துப் புள்ளைங்க. பழைய இங்கிலீஷ்ல கூப்புடறது, ஏவுறது, வாக்குக் குடுக்கறது மூணுக்கும் ஒரே தாய்ச் சொல்லு. அப்புறம் ‘ஹெஸ்ட்’ மெல்ல வழக்கத்துலேருந்து போயிருச்சு. அது பாத்த வேலைய இது எடுத்துக்கிச்சு.”

“வாக்கு என்ன ஆயிற்று?”

“மறந்து போச்சு. எங்க சபையில வாக்குத்தத்தம் பண்ணின தேசம்னு சொல்லுவோம்ல, அதையே ஒரு காலத்துல இந்த வார்த்தைய வச்சித்தான் எழுதியிருக்காங்க. இப்பப் போயி அப்பிடிச் சொன்னா ஒருத்தருக்கும் புரியாது.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “முப்பது வருஷமா நானும் இத எத்தினியோ லெட்டர்ல அடிச்சிருக்கேன் சார். வாக்குன்னு எங்கயாச்சும் இருந்தா, குடுத்தவன் பேரு கீழ இருக்கும். இதுல எவன் பேரு இருக்குது, காட்டுங்க?”

ஃபேக்ஸில் பெயர் இல்லை. நான் சூளையடியில் சொன்ன ‘மேலிடம்’ என்பதிலும் பெயர் இல்லை.

நான் புறப்பட்டபோது அவர் இழுப்பறையைத் திறந்து ஒரு தாளைப் பாதி வெளியே எடுத்துக் காட்டினார். “விசாரண நாளைக்கு. கலியமூர்த்தி டிஸ்மிஸ் ஆர்டர மேனேஜர் இன்னிக்கே அடிச்சு வைக்கச் சொல்லிட்டாரு. தேதி மட்டும் போடல. இத உங்கக்கிட்ட நான் காட்டல.”

கலியமூர்த்தியை வெளியே அனுப்பினால் அவருக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். நம் ஊரில் பீங்கான் பட்டறைகள் அருகருகே இருக்கின்றன; செய்தி வேலிக்கு வேலி தாவும். ஆறாத சூளையைத் திறந்து சரக்கை உடைத்தவர் என்று பெயர் எடுத்த மேஸ்திரியை ஒருவரும் வாசலில் நிறுத்தமாட்டார்கள். அவருக்கு வேறு தொழில் தெரியாது. எனக்கோ அந்த மாதம்தான் உதவி மேனேஜர் பதவிக்குப் பெயர் போயிருந்தது.

ஒரு சொல்லின் பழைய பொருள் இன்றைய சட்டம் ஆகிவிடாது என்பதை அறிவேன். விசாரணையில் எழுந்து பேசும்படி அகராதி எனக்குச் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் விடியலில் அதே கோயிலில் தரைமட்டத்துக்குக் கீழே இருக்கும் ஆழத்துப் பிள்ளையாரின் படிகளில் இறங்கி நின்று, வழக்கமான பதிகத்தைச் சொல்லிக்கொண்டு வந்தபோது, கடைசிப் பாட்டில் நாக்கு நின்றுவிட்டது. நம் பதிகங்களின் அமைப்பு உங்களுக்குத் தெரிந்திருக்கும். கடைசிப் பாட்டில் பாடியவர் தன் ஊரையும் பெயரையும் சொல்வார். இதை ஓதுவோர்க்கு இன்ன பலன் உண்டு என்று தாமே பொறுப்பேற்பார். பெயர் இல்லாமல் அவர்கள் நமக்கு எதையும் சொல்லிவிட்டுப் போகவில்லை. சிறுவயது முதல் அந்தக் கடைசிப் பாட்டைப் பலன் கிடைக்கும் என்பதற்காகவே சொல்லி வந்திருக்கிறேன். அது ஒரு கையெழுத்து என்பது அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது. முடிக்காமல் மேலேறி வந்தேன். அதை முடிக்கும் தகுதி அன்று மாலைக்குள் வந்தால் வரட்டும் என்று எண்ணிக்கொண்டேன்.

விசாரணை மேனேஜர் அறையில் நடந்தது. சென்னை அதிகாரி மென்மையான குரலில் பேசினார். ஸ்டெனோ அம்மா குறிப்பெடுத்தார். கலியமூர்த்தி துவைத்த வெள்ளைச் சட்டையில் நின்றார்.

“சூளையைத் திறந்தது நீங்கள்தானா?”

“நான்தாங்க.”

“ஆறவில்லை என்று தெரியுமா?”

“தெரியுங்க.”

“தெரிந்தும் ஏன் திறந்தீர்கள்? யாராவது சொன்னார்களா?”

கலியமூர்த்தி என் பக்கம் திரும்பவில்லை. தன் வலது கையைப் பார்த்தார். “மண்ணுல இருக்கறது என் வெரலுங்க. வேற என்னா சொல்லணும்?”

“எழுதிக்குங்கம்மா, ஒத்துக்கிட்டாரு” என்றார் மேனேஜர்.

பென்சில் நகரவில்லை. ஸ்டெனோ அம்மா தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பெரிய கோபம் ஒன்றும் இல்லை. அடுத்த வரிக்குக் காத்திருக்கும் சுருக்கெழுத்தாளரின் பார்வை, அவ்வளவுதான்.

நான் எழுந்தேன். “திறக்கச் சொன்னது நான். ஆறவில்லை என்று மேஸ்திரி எச்சரித்தார். கேட்டும் நான்தான் திறக்கச் சொன்னேன். சொல்லிவிட்டு அங்கே நிற்காமல் கோயிலுக்குப் போய்விட்டேன். அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.”

“நீங்க உட்காருங்க. ஃபேக்ஸ்ல வந்ததத்தான நீங்க சொன்னீங்க? இதுல உங்க சொந்த உத்தரவு எங்க இருக்குது?” என்றார் மேனேஜர் அவசரமாக. அவர் என்னைக் காப்பாற்றத்தான் பார்த்தார். நான் தப்பினால் அவரும் தப்பிவிடுவார்.

“ஃபேக்ஸ் எனக்கு வந்தது சார். அவருக்கு வந்தது என் வார்த்தை. அவர் ஃபேக்ஸைப் பார்க்கவே இல்லை. ஆறவில்லை என்று தெரிந்தும் இன்றே திறக்கும்படி நீங்கள் என்னிடம் சொன்னீர்கள். நீங்கள் சொன்னதற்கு நீங்கள் பேசுங்கள். நான் சொன்னதற்கு நான் பேசுகிறேன்.”

சென்னை அதிகாரி மேனேஜர் பக்கம் மெல்லத் திரும்பினார். ஸ்டெனோ அம்மாவின் பென்சில் ஓடத் தொடங்கியது.

முடிவைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தேதி போடாத அந்தத் தாள் கிழிபட்டது. கலியமூர்த்தி தன் இடத்திலேயே இருந்தார். மேனேஜருக்கு எழுத்தில் ஓர் எச்சரிக்கை வந்தது. உதவி மேனேஜர் பட்டியலிலிருந்து என் பெயர் நீங்கியது. ஓராண்டு என்னைக் களிமண் கிடங்குக்கு மாற்றினார்கள். அது தண்டனைதான். ஆனால் அன்று மாலை பதிகத்தின் கடைசிப் பாட்டைக் குரல் நடுங்காமல் சொல்லி முடித்தேன். அதற்குப் பிறகு எந்த நாளும் அதைச் சொல்லக் கூசியதில்லை.

கிடங்குக்குப் போகும் முன் கலியமூர்த்தியிடம் கேட்டேன். “நான் சொன்னேன் என்று ஏன் நீங்களே சொல்லவில்லை?”

“உங்க பேர நான் சொன்னா அது புகாரு சார். நீங்களே சொன்னாத்தான அது உங்க பேரு?” பிறகு, அபூர்வமாக, சிரித்தார். “ஆனா கொஞ்சம் சீக்கிரமா எந்திரிச்சிருக்கலாம். எனக்கு முட்டி விட்டுப்போச்சு.”

ஓராண்டு கழித்து நான் சூளைப் பிரிவுக்குத் திரும்பினேன். முதல் சூளைக்கு மண் பூசி, கலியமூர்த்தி விரலை அழுத்திவிட்டு நகர்ந்தபோது, நானும் போய்ப் பக்கத்தில் என் கட்டைவிரலை அழுத்தினேன். அஞ்சலை, “இன்னிக்கிப் பிரதோஷம் இல்லையா சார்?” என்றார். “இருக்கிறது. சூளை மூடும் நாளிலோ திறக்கும் நாளிலோ பிரதோஷம் வந்தால் சாமிதான் இங்கே வர வேண்டும்” என்றேன். “வருவாரு, வருவாரு. வந்தா அவருக்கும் தூக்க ஒரு கூடை தரேன்” என்று சொல்லிவிட்டு அவர் வேலையைப் பார்க்கப் போனார்.

திறக்கும் முடிவு எவருடையதோ அவர் விரலும் பூச்சில் இருக்க வேண்டும். முதல் செங்கல் உருவப்படும்போது அவரும் அங்கே நிற்க வேண்டும். அன்று முதல் எங்கள் முறை இதுதான். யாரும் உத்தரவு போடவில்லை. ஒருவர் செய்தார், பார்த்து மற்றவர்களும் செய்தார்கள்.

கடைசியாக ஒன்று. நான் ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்களுக்கு முன், மறுபடியும் ஓர் அவசரம். அதே மேனேஜர்தான். செல்போனைக் காதில் வைத்தபடியே சூளையடிக்கு வந்தார். மதிய நேரம், எல்லோரும் இருந்தோம்.

“இன்னிக்குத் தொறந்தே ஆகணும். மேலே ரொம்பக் கேக்கறாங்க.”

கலியமூர்த்தி சுவரில் புறங்கையை வைத்தார். “இன்னும் ஒரு நாள் இருக்குது சார்.”

“அதெல்லாம் தெரியும். தொறங்க.”

கலியமூர்த்தி தொட்டியில் கைவிட்டு ஒரு பிடி ஈர மண்ணை எடுத்தார். வாசலில் எங்கள் இருவர் தடங்களுக்குப் பக்கத்தில் அதை அப்பி, உள்ளங்கையால் தடவிச் சமமாக்கினார். பிறகு ஒதுங்கி நின்று, மரியாதையாக இடம்விட்டார்.

“ஒரு வெரலு வைங்க சார். கல்ல நான் உருவுறேன். நீங்க பக்கத்துல நில்லுங்க.”

செல்போனில் யாரோ பேசிக்கொண்டே இருந்தார்கள். மேனேஜர் அந்த ஈர மண்ணைப் பார்த்தார். அதற்குப் பக்கத்தில் இறுகிக் கிடந்த இரண்டு தடங்களைப் பார்த்தார். வலது கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார். பிறகு செல்போனில், “சார், நாளைக்குத்தான் முடியும். ஆமா சார், நான்தான் சொல்றேன்” என்று சொன்னபடியே நடந்தார்.

மறுநாள் திறந்தோம். ஒன்றும் உடையவில்லை. மேனேஜரும் வந்து நின்றார்.

பிஹெஸ்ட் என்றால் கட்டளை. சுற்றறிக்கையைப் படிக்க உங்களுக்கு அது போதும். சூளையடியில் நின்று ஒருவரிடம் ‘திறங்கள்’ என்று சொல்ல வேண்டிய நாள் உங்களுக்கும் வரும். அன்று வாசலில் மண் காயாமல்தான் இருக்கும். கலியமூர்த்தி பழக்கிவிட்ட ஆட்கள் அதைப் பார்த்துக்கொள்வார்கள். முதலில் விரலை வையுங்கள். பிறகு சொல்லுங்கள்.